இடைவிட்டுக் கிடைக்கும் உணவும் மிகைநீரருந்துகையும்
மீளவலியுறுத்தல் அட்டவணைகள் பற்றிய ஒரு நோக்கு

விலங்கொன்று நீர் அருந்துகின்றதெனின் அதற்குத் தாகம் ஏற்பட்டுள்ளது என்பது பொதுவான எண்ணம். உடலில் நீர் குறைகின்றது. குருதியின் செறிவு கூடுகின்றது. மூளை அதனை உணர்ந்து விலங்கை நீரை நாடச் செய்கின்றது. தேவை நிறைவேறியதும் அருந்துதல் நின்றுவிடுகின்றது. உடற்றொழிலியல் தரும் இவ்விளக்கம் பெரும்பாலும் சரியானதே. ஆயின் உடலில் நீர்க்குறைவு எதுவுமின்றி, நோய் எதுவுமின்றி, விலங்கொன்று தன் உடல் நிறையின் பாதியளவுக்கு நீரைச் சில மணித்தியாலங்களில் அருந்துமாயின் அதனை எவ்வாறு விளக்குவது? இவ்வினா 1961ஆம் ஆண்டு தொடக்கம் நடத்தை உளவியலாளர் முன் நின்றுவருகின்றது. இவ்வினாவின் தோற்றத்தையும், அதற்கு அளிக்கப்பட்ட விடைகளையும், அவ்விடைகள் மனித நடத்தை பற்றிய நமது சிந்தனைக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அட்டவணை என்னும் கருத்து

செயலொன்றைத் தொடர்ந்து கிடைக்கும் விளைவு அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுமாயின் அதனை மீளவலியுறுத்தல் என்கிறோம். பி. எஃப். ஸ்கின்னர் 1930களில் அமைத்த பரிசோதனைப் பெட்டியில், பசித்த எலி ஒரு நெம்பை அழுத்தினால் சிறிய உணவுக்குளிகை ஒன்று தட்டில் விழும். எலி நெம்பை அழுத்தப் பழகிக்கொள்ளும். தொடக்கத்தில் ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒவ்வொரு குளிகை வழங்கப்பட்டது.

இம்முறை மாறியமைக்கான காரணம் சுவையானது. 1956இல் தமது ஆய்வு வரலாற்றைக் கூறும் கட்டுரையொன்றில் ஸ்கின்னரே இதனைக் குறிப்பிட்டுள்ளார். அந்நாளில் குளிகைகளை அவர் தம் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் கையிருப்பைக் கணக்கிட்டபோது, திங்கள் காலைக்குள் அது தீர்ந்துவிடும் எனக் கண்டார். எனவே எல்லா அழுத்தல்களுக்கும் உணவு வழங்காது நிமிடத்திற்கு ஒருமுறை மாத்திரம் வழங்கிப் பார்த்தார். எலிகள் அழுத்துவதை நிறுத்தவில்லை. சீரான வேகத்தில் தொடர்ந்தன. பற்றாக்குறையின் நிர்ப்பந்தத்தில் தோன்றிய இச்சிக்கனமே பின்னர் ஒரு பெரும் ஆய்வுத்துறையாக விரிந்தது. சி. பி. ஃபேர்ஸ்ரரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட ‘மீளவலியுறுத்தல் அட்டவணைகள்’ என்னும் பெருநூல் அத்துறையின் அடிப்படை நூலாகும்.

அட்டவணை என்பது எப்பொழுது, எத்தனை செயலுக்குப் பின் பயன் வழங்கப்படும் என்பதை வரையறுக்கும் விதியாகும். இவற்றுள் நான்கு அடிப்படையானவை. குறித்த எண்ணிக்கையான செயல்களுக்குப் பின் பயன் கிடைப்பது நிலையான விகித அட்டவணை. அவ்வெண்ணிக்கை ஒரு சராசரியைச் சுற்றி மாறிக்கொண்டிருப்பின் அது மாறும் விகித அட்டவணை. குறித்த நேரம் கழிந்தபின் நிகழும் முதற் செயலுக்குப் பயன் கிடைப்பது நிலையான இடைவேளை அட்டவணை. அந்நேரம் மாறிக்கொண்டிருப்பின் மாறும் இடைவேளை அட்டவணை. துண்டுக் கணக்கில் கூலி பெறும் தொழிலாளியின் நிலை முதலாவதை ஒத்தது எனவும், சூதாட்டப் பொறியின் முன் அமர்ந்திருப்பவனின் நிலை இரண்டாவதை ஒத்தது எனவும் ஸ்கின்னர் சுட்டிக்காட்டியுள்ளார். இவ்வொப்புமைகளுக்குப் பின்னர் திரும்புவோம்.

ஒவ்வோர் அட்டவணையும் நெம்பை அழுத்தும் வேகத்தில் தனக்கேயுரிய ஒரு கோலத்தை உண்டாக்கும். ஆய்வாளரின் கவனம் முழுவதும் இக்கோலத்திலேயே நிலைத்திருந்தது. பயன் பெறுவதற்கு வேண்டிய செயல் தவிர விலங்கு பெட்டிக்குள் வேறு என்ன செய்கின்றது என்பதை நோக்கியவர் மிகச் சிலரே.

2. ஃபோக்கின் கண்டுபிடிப்பு

அமெரிக்க உளவியலாளர் ஜோன் ஃபோக் 1961இல் ‘சயன்ஸ்’ இதழில் இரண்டு பக்க அளவிலான ஒரு குறிப்பை வெளியிட்டார். அவர் பதினான்கு எலிகளைப் பயன்படுத்தினார். உணவைக் குறைத்து அவற்றின் உடல் நிறை தாழ்த்தப்பட்டிருந்தது. நீருக்கோ எவ்விதக் கட்டுப்பாடும் இல்லை. கூட்டிலும் பரிசோதனைப் பெட்டியிலும் அது தாராளமாகக் கிடைத்தது. ஏறத்தாழ மூன்றேகால் மணித்தியாலம் நீடித்த நாளாந்த அமர்வில், சராசரியாக நிமிடத்திற்கு ஒருமுறை, நெம்பை அழுத்தியமைக்கு 45 மில்லிகிராம் நிறையுடைய குளிகை ஒன்று வழங்கப்பட்டது.

பரிசோதனைக்கு முன் இவ்வெலிகள் ஒரு முழு நாளில் அருந்திய நீர் சராசரியாக 27 மில்லிலீற்றர். பரிசோதனை அமர்வில் மாத்திரம் அவை அருந்தியது சராசரியாக 92 மில்லிலீற்றருக்கும் மேல். அதாவது ஒரு நாளின் தேவையைப் போன்று மூன்றரை மடங்கு நீர் மூன்று மணித்தியாலச் சொச்சத்தில் அருந்தப்பட்டது. இது எலியின் உடல் நிறையில் ஏறக்குறைய பாதி. 60 கிலோகிராம் நிறையுடைய மனிதன் ஒருவன் ஒரு முற்பகலில் 30 லீற்றர் நீரைக் குடிப்பதற்கு இது ஒப்பாகும்.

இந்நடத்தை எலிக்கு நன்மை பயப்பதன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அறையின் வெப்பநிலையிலுள்ள நீரை உடலின் வெப்பநிலைக்கு உயர்த்தி, பின் சிறுநீராக வெளியேற்ற வேண்டியுள்ளது. 22 பாகையிலுள்ள 92 மில்லிலீற்றர் நீரை 37 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.4 கிலோகலோரி செலவாகும். ஓர் அமர்வில் கிடைக்கும் உணவோ எட்டு கிராமளவே. பசியினால் உடலின் சேமிப்பு ஏற்கெனவே குறைந்துள்ள விலங்கு, கிடைக்கும் சிறிதளவு சக்தியிலும் ஒரு பகுதியை வேண்டாத நீரைச் சூடாக்குவதில் இழக்கின்றது. ஃபோக்கே இதனைப் பொருளற்ற செயலெனக் குறிப்பிட்டார்.

3. அட்டவணையும் அருந்தும் அளவும்

பின்னர் நிகழ்ந்த பரிசோதனைகள் இத்தோற்றப்பாட்டின் இயல்புகளைத் தெளிவுபடுத்தின. அவற்றுட் சிலவற்றை நோக்குவோம்.

முதலாவதாக, அருந்துதல் ஒரு குறித்த வேளையில் நிகழ்கின்றது. எலி குளிகையை உண்டு முடித்தவுடன் நீர்க்குழாயை நாடுகின்றது, சிறிதளவு அருந்துகின்றது, அடுத்த குளிகை வரும் வேளை நெருங்கும்போது நெம்பிடம் திரும்புகின்றது. குளிகைக்குக் குளிகை இவ்வாறு சேர்ந்தே பேரளவு உண்டாகின்றது.

இரண்டாவதாக, இடைவேளையின் நீளம் அருந்தும் அளவைத் தீர்மானிக்கின்றது. 1966இல் ஃபோக் இடைவேளையை 2 செக்கனிலிருந்து 300 செக்கன் வரை மாற்றி ஆராய்ந்தார். இடைவேளை நீள நீள அருந்தும் அளவு கூடிச் சென்று, 180 செக்கனளவில் உச்சத்தை அடைந்தது. 300 செக்கனில் வீழ்ந்தது. பயன் மிக விரைவாகக் கிடைக்கும்போதும் மிகையருந்துகை இல்லை; மிக அரிதாகக் கிடைக்கும்போதும் அது குறைகின்றது. இடைப்பட்ட நிலையிலேயே, முற்றாக மறுக்கப்படாமலும் போதுமான அளவு வழங்கப்படாமலும் உள்ள நிலையிலேயே, அது உச்சம் பெறுகின்றது.

மூன்றாவதாக, அதேயளவு உணவை ஒரே தடவையில் எலியின் முன் வைத்தால் மிகையருந்துகை தோன்றுவதில்லை. ஆகவே காரணம் உணவின் அளவன்று. அது பங்கிடப்படும் முறையே.

நான்காவதாக, உணவுக்குறைவு இதற்கு இன்றியமையாதது. எலியின் உடல் நிறை பழைய நிலையை நெருங்கும்போது மிகையருந்துகை தணிகின்றது. பசியில்லாத விலங்குக்கு அட்டவணையின் பிடி தளர்ந்துவிடுகின்றது.

ஐந்தாவதாக, நீர் அருந்தும் வாய்ப்புக்காகவே இவ்வெலிகள் உழைக்கவும் செய்கின்றன. நீரைப் பெறுவதற்கு மற்றொரு நெம்பைப் பலமுறை அழுத்த வேண்டும் என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டபோதும் அவை அதனை நிறைவேற்றின. எனவே இதனை வெறும் வாய்ப்பழக்கம் எனத் தள்ளிவிட இயலாது.

4. விளக்கங்களும் அவற்றின் போதாமையும்

மிக எளிய விளக்கம் வாய் வறட்சி பற்றியது. உலர்ந்த குளிகை வாயை வறளச் செய்வதால் ஒவ்வொரு குளிகைக்கும் பின் எலி நீர் அருந்துகின்றது என வாதிக்கப்பட்டது. ஆயின் திரவ உணவை வழங்கியபோதும் மிகையருந்துகை தோன்றியது. அமர்வுக்கு முன்னரே எலியின் வயிற்றில் நீரைச் செலுத்தியபோதும் அது பெரிதும் குறையவில்லை. வாய் வறட்சி ஒரு பங்கை வகிக்கலாம், முழுக் காரணமாகாது.

அடுத்த விளக்கம் தற்செயலான மீளவலியுறுத்தல் பற்றியது. 1948இல் ஸ்கின்னர், புறாக்களுக்கு அவை என்ன செய்யினும் குறித்த இடைவேளைகளில் உணவு வழங்கி, அவற்றுட் பல தலையை அசைத்தல், வட்டமிடுதல் போன்ற விசித்திரச் சடங்குகளை வளர்த்துக்கொண்டதைக் கண்டார். உணவு வரும்போது தற்செயலாக நிகழ்ந்துகொண்டிருந்த செயல் வலுப்பெற்றது என்றும், மூடநம்பிக்கையின் தோற்றம் இத்தகையதே என்றும் அவர் கூறினார். எலியின் அருந்துகையும் அவ்வாறானதே எனச் சிலர் கருதினர். ஆயின் அருந்துதல் நிகழ்வது குளிகைக்குப் பின்; அடுத்த குளிகைக்குச் சற்று முன்னன்று. தற்செயல் விளக்கம் வேண்டி நிற்கும் கால நெருக்கம் இங்கு இல்லை. மேலும் 1971இல் ஸ்ராடனும் சிமெல்ஹாக்கும் ஸ்கின்னரின் புறாப் பரிசோதனையையே மீள நடத்தி, புறாக்களின் செயல்கள் ஒழுங்கற்ற தற்செயல்கள் அல்ல எனக் காட்டினர். உணவு வரும் வேளை நெருங்கும்போது எல்லாப் புறாக்களும் ஒரே வகையில் கொத்தும் செயலில் ஈடுபட்டன; உணவு வர வாய்ப்பற்ற இடைக்காலத்தில் வேறு செயல்களில் ஈடுபட்டன. முன்னதை அவர்கள் இறுதி நடத்தை என்றும், பின்னதை இடைக்கால நடத்தை என்றும் அழைத்தனர். எலியின் அருந்துகை இவ்விடைக்காலத்திற்குரியது.

ஃபோக் தாமே 1971இல் ஒரு விரிவான விளக்கத்தை முன்வைத்தார். அட்டவணையினால் தூண்டப்பட்டு, ஆனால் அட்டவணை கோராது தோன்றும் இத்தகைய செயல்களை அவர் துணைநடத்தைகள் என்றார். நீர் அருந்துதல் மாத்திரமன்று. புறா அருகிலுள்ள மற்றொரு புறாவைத் தாக்குகின்றது. எலி சுழற்சில்லில் இடையறாது ஓடுகின்றது. நீருக்குப் பதிலாகக் காற்றுத்தாரை வழங்கப்படின் அதனையே நக்குகின்றது. குரங்கு உண்ணத்தகாத பொருளை மெல்லுகின்றது. விலங்கின் இயற்கை வாழ்வை ஆராய்ந்த டின்பேர்கன் முதலியோர் கண்ட இடப்பெயர்வுச் செயல்களோடு இவற்றை ஃபோக் ஒப்பிட்டார். போரிடுவதா, ஓடுவதா என்னும் இரு உந்தல்களிடையே அகப்பட்ட சேவல் திடீரெனத் தரையைக் கொத்துவது போல, உணவு கிடைக்குமிடத்தை விட்டு நீங்கவும் முடியாது, நிலைத்திருப்பதில் போதிய பயனும் பெறாது தவிக்கும் விலங்கு மூன்றாவது செயலொன்றில் இறங்குகின்றது. இவ்வட்டவணைகள் விலங்குக்கு ஒருவகையில் வெறுப்பூட்டுவன என்பதற்கும் சான்றுண்டு. 1961இல் அஸ்றின் காட்டியவாறு, வாய்ப்பளிக்கப்பட்டபோது புறாக்கள் உணவு கிடைக்கும் அட்டவணையையே தற்காலிகமாக நிறுத்திக்கொண்டன.

இதற்கு ஓர் எதிர்வாதமும் உண்டு. துணைநடத்தைகளும் இறுதியில் மீளவலியுறுத்தலுக்கு உட்பட்ட சாதாரண செயல்களே எனக் கிலீனும் பெயோனும் 2013இல் வாதிட்டனர். நீர்க்குழாயை நக்கினால் அடுத்த குளிகை தாமதமாகும் என்னும் நிபந்தனை அருந்துகையைக் குறைப்பதை அவர்கள் சான்றாகக் காட்டினர். பயனின் செல்வாக்குக் கால இடைவெளியைத் தாண்டியும் செயற்படக்கூடும் என்பது அவர்களின் கருத்து. விவாதம் முடிவுற்றதெனக் கூறுவதற்கில்லை. ‘துணைநடத்தை’ என்று பெயரிடுவது வகைப்படுத்தலே. விளக்கமாகாது என்னும் எச்சரிக்கையை இவ்விவாதம் நமக்கு நினைவூட்டுகின்றது.

5. உடலினுள் நிகழ்வது

அட்டவணை எலியின் உடலினுள்ளும் பதிகின்றது. 1979இல் பிறெற், லெவைன் ஆகியோர் நடத்திய ஆய்வுகளில், அருந்த வாய்ப்பளிக்கப்பட்ட எலிகளின் குருதியில் நெருக்கடிநிலை ஓமோனாகிய கோட்டிக்கோஸ்ரரோன் குறைந்திருக்கக் காணப்பட்டது. பயனற்றதெனத் தோன்றிய அருந்துதல், நெருக்கடியைத் தணிக்கும் வகையில் எலிக்குப் பயன்பட்டிருக்கலாம் என்பதற்கு இது அறிகுறியாகும். 1980இல் றொபின்ஸ், கூப் ஆகியோர், மூளையின் அகும்பென்ஸ் என்னும் பகுதிக்குச் செல்லும் டோபமீன் நரம்பிழைகளை அழித்தால் எலிகள் மிகையருந்துகையைப் பழகிக்கொள்வது தடைப்படும் எனக் காட்டினர். தாகத்தால் அருந்தும் இயல்பான அருந்துகையோ பாதிக்கப்படவில்லை. எனவே தாகத்தின் வழி வேறு, அட்டவணையின் வழி வேறு.

ஒரே அட்டவணைக்கு உட்படும் எலிகள் எல்லாம் ஒரேயளவு அருந்துவதில்லை என்பதும் கருதத்தக்கது. சில மிகுதியாக அருந்துகின்றன; சில மிகச் சிறிதளவே அருந்துகின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டு, கட்டுப்படுத்தவியலாத செயல்களுக்கு ஆட்படும் மனித உளநோய்களை ஆராய முயல்கின்றனர். அத்தகைய நோயாளருக்கு வழங்கப்படும் ஃபுளுவொக்செற்றின் போன்ற மருந்துகள் தொடர்ந்து அளிக்கப்படின் எலிகளின் மிகையருந்துகையையும் குறைக்கின்றன என 1993இல் அறியப்பட்டது.

6. நீரிலிருந்து மதுசாரத்திற்கு

நீருக்குப் பதிலாக மதுசாரக் கரைசலை வைத்தால் என்ன நிகழும்? எலிகள் இயல்பாக மதுசாரத்தை மயக்கமேறும் அளவுக்கு அருந்துவதில்லை. ஃபோக், சாம்சன், விங்கர் ஆகிய மூவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், உணவு இடைவிட்டு வழங்கப்படும் வேளைகளை நாள் முழுவதும் பரவச் செய்து, நீருக்குப் பதிலாக மதுசாரக் கரைசலை மாத்திரம் வைத்தனர். எலிகள் உடற் சார்புநிலையை அடையும் அளவுக்கு அருந்தின. மதுசாரம் நிறுத்தப்பட்டபோது வலிப்பும் ஏற்பட்டது. எவரும் அவற்றின் வாயில் மதுசாரத்தைப் புகட்டவில்லை. அருந்துமாறு பயனளித்துப் பழக்கவும் இல்லை. உணவு பங்கிடப்பட்ட முறையே அதனைச் செய்தது.

இம்முடிவின் முக்கியத்துவம் வெளிப்படையானது. போதைப்பொருளுக்கு ஆட்படுதலை இருவகையாக விளக்குவது வழக்கம். ஒன்று, அப்பொருளின் இரசாயன வல்லமையைக் குற்றஞ்சாட்டுவது. மற்றொன்று, ஆட்பட்டவனின் மனவலிமைக் குறைவைக் குற்றஞ்சாட்டுவது. ஃபோக் குழுவினரின் எலிகள் மூன்றாவது காரணியொன்றைச் சுட்டுகின்றன: வேறொரு தேவை நிறைவேற்றப்படும் முறை. பொருள் இருந்தது, எலியும் இருந்தது, ஆயின் பற்றாக்குறையும் சிறிது சிறிதான வழங்கலும் இன்றேல் அவ்விரண்டும் இணைந்து மிகையை உண்டாக்கியிருக்கமாட்டா.

1970களின் இறுதியில் கனடாவின் சைமன் ஃபிறேசர் பல்கலைக்கழகத்தில் புறூஸ் அலெக்சாண்டரும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வும் இதனோடு உடனோக்கத்தக்கது. தனிக் கூடுகளில் அடைக்கப்பட்ட எலிகளைவிட, விசாலமான இடத்தில் கூட்டமாக வாழ்ந்த எலிகள் மோஃபின் கரைசலைக் குறைவாக அருந்தின. பின்னர் நிகழ்ந்த மறுபரிசோதனைகள் ஒரே வகையான முடிவைத் தரவில்லையாதலின் இதனை இறுதிச் சான்றாகக் கொள்ளல் ஆகாது. எனினும் வாழ்நிலைமையை ஒதுக்கிவிட்டு ஆட்படுதலை ஆராய இயலாது என்னும் வினாவை அது வலுவாக எழுப்பியது.

7. மனிதனுக்குப் பொருந்துமா?

எலிக்குப் பொருந்துவதனைத்தும் மனிதனுக்குப் பொருந்தும் எனக் கொள்வது அறிவியலன்று. மனிதரிடையே நடத்தப்பட்ட ஒத்த பரிசோதனைகளில் எலிகளிற் கண்டது போன்ற பெருமிகை தோன்றவில்லை; சிறு அளவிலான அருந்துகையும் அமைதியற்ற அசைவுகளுமே காணப்பட்டன. சில உளநோயாளரிடம் காணப்படும் மிகைநீரருந்துகையும் இதுவும் ஒரே காரணத்தால் விளைவன என நிறுவப்படவில்லை.

துண்டுக்கூலி பற்றிய ஸ்கின்னரின் ஒப்புமையை இவ்விடத்தில் மீண்டும் நோக்குதல் வேண்டும். தொழிலாளியின் கைவேகம் கூலி வழங்கும் முறையினால் மாறுகின்றது என்பது உண்மையே. ஆனால் எலி தன் அட்டவணையை அறியாது; அதனை வகுத்தவன் யார், அவன் நோக்கம் யாது என்று வினவாது; பிற எலிகளோடு சேர்ந்து அதனை மாற்றவும் மாட்டாது. மனிதன் இவை மூன்றையும் செய்யவல்லவன்; தொழிற்சங்க இயக்கத்தின் வரலாறு அதற்குச் சான்று. 1971இல் ஸ்கின்னர், சுதந்திரம், மாண்பு என்னும் கருத்துகளைக் கடந்து, நன்கு வகுத்த மீளவலியுறுத்தல்களால் சமுதாயத்தைச் சீரமைக்கலாம் என எழுதியபோது, அச்சீரமைப்பை வகுப்பவர் யார் என்னும் வினா எழுந்தது இயல்பே. சொம்ஸ்கி அந்நூலைக் கடுமையாக விமர்சித்தார்.

ஆயின் இவ்விமர்சனத்தை ஏற்பவர்கள் எலிப் பரிசோதனைகளையே ஒதுக்கிவிடுவது பொருத்தமன்று. மிகைநீரருந்துகை நடத்தைவாதத்தின் ஆய்வுகூடத்திலேயே பிறந்து, அதன் நம்பிக்கையொன்றைத் தளர்த்தியது. பயனைத் தக்கவாறு ஒழுங்குபடுத்தினால் விரும்பிய நடத்தையை விரும்பிய அளவில் உண்டாக்கலாம் என்பது அந்நம்பிக்கை. எலி நெம்பை எதிர்பார்த்தவாறே அழுத்தியது. வரைபடத்திலே கோடு சீராகவே சென்றது. ஆனால் அதே பெட்டியின் மறுபுறத்தில், எவரும் கோராத, எவரும் கணிக்காத மிகையொன்று வளர்ந்துகொண்டிருந்தது. நெம்பை மாத்திரம் அளந்தவர்க்கு அது தென்படவில்லை. நீர்ப்போத்தலை அளந்தவர்க்கே தென்பட்டது.

கொடுப்பனவு முறைகளை வகுப்போரும், நிவாரணத்தைப் பங்கிடுவோரும், மாணவருக்கும் ஊழியருக்கும் ஊக்கமளிக்கும் திட்டங்களைத் தீட்டுவோரும் கருத்திற் கொள்ளவேண்டியது இதுவே. குறித்த விளைவு கைகூடியது என்பது திட்டத்தின் வெற்றிக்குப் போதிய சான்றன்று. பற்றாக்குறையில் உள்ளவருக்குச் சிறிது சிறிதாக, காத்திருக்கச் செய்து வழங்கும்போது, காத்திருக்கும் அவ்வேளையில் என்ன நிகழ்கின்றது என்பதும் ஆராயப்படவேண்டும். மனிதரிடையே அது எவ்வடிவத்தில் வெளிப்படும் என்பதை எலிகளிடமிருந்து அறிந்துகொள்ள முடியாது. மனிதரின் வாழ்நிலைமைகளை நேரில் ஆராய்ந்தே அறியவேண்டும். மிகை எங்கே காணப்படினும், அதற்குரியவனின் குணத்தை ஆராய்வதற்கு முன், அவன் உட்பட்டிருக்கும் அட்டவணையை ஆராய்வது முறையாகும்.